கறளின் மேல் வர்ணம் நில்லாது

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலத்தைப் பேணுமாறு கூற எழுந்த இம்மொழி, இரும்புப் பொருள்களுக்கு வர்ணம் பூசப் புகுவோருக்கும் சாலப் பொருந்தும். ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் சித்திரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோமேயன்றிச் சுவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கடைக்குச் சென்றதும் என்ன நிறம் இருக்கிறது என்று கேட்கிறோம். அந்த வர்ணத்தைத் தாங்கப்போகும் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், வீட்டிலுள்ள பழைய குளிர்சாதனப் பெட்டிக்கு வர்ணமும் காப்புப் பூச்சும் இடும் முறை. இது சிறிய காரியம்போலத் தோன்றும். ஆனால் உப்புக் காற்று வீசும் ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய காரியமன்று.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் அமைந்த கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்வோம். கொக்கட்டி மரங்கள் செறிந்த சோலையாக இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். தான்தோன்றீசுவரர் ஆலயத்தினால் நாடறிந்த ஊர். வயலும் மாடும் வாவி மீனும் இப்பகுதி மக்களின் வாழ்வு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவி மாரியில் நன்னீர் மிகுந்தும் கோடையில் உப்பு மிகுந்தும் மாறி மாறி நிற்கும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படுமுன், பாரமான பொருள்களை எழுவான்கரையிலிருந்து கொண்டுவருவோர் மண்முனைத் துறையில் பாதையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அல்லது நெடுந்தூரம் சுற்றிவர வேண்டும். அவ்வாறு அரும்பாடுபட்டுக் கொணர்ந்த பொருளை எளிதில் எறிந்துவிட எவருக்குத்தான் மனம் வரும்?

இத்தகைய ஊரில் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஆடம்பரப் பொருளன்று. எருமைப் பாலைச் சட்டியில் உறையவிட்டு விற்கும் இல்லத்தரசிக்கு அது முதலீடு. காலையில் வலையில் விழுந்த மீனையும் இறாலையும் மறுநாட் சந்தைவரை காப்பது அது. நீரிழிவு நோயாளர் உள்ள இல்லத்தில் இன்சுலின் மருந்து தங்கியிருப்பதும் அதற்குள்ளேதான். கதவின் அடி கறள் பிடித்து விளிம்பு நெளிந்துவிட்டால் குளிர் வெளியேறும், தயிர் புளிக்கும், மருந்து பழுதாகும். ஆகவே நாம் பேசுவது அழகைப் பற்றியல்ல.

மேல்நாடுகளில் இதே வேலையை வேறொரு காரணத்துக்காகச் செய்கிறார்கள். அங்கே வீட்டிலேயே பியர் ஆக்குவோர் பலர் உளர். இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டிலே அதற்கான அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் அதற்கு வழி திறந்தது. வாற்கோதுமைச் சாற்றில் மதுவம் சேர்த்து நொதிக்கவிடும்போது வெப்பநிலை ஏறி இறங்கலாகாது. சில வகைகளுக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரையும், வேறு சிலவற்றுக்கு 8 முதல் 12 பாகை வரையும் வேண்டும். ஆதலின் பழைய குளிர்சாதனப் பெட்டியொன்றை மலிவாக வாங்கி, கறள் நீக்கி, வர்ணம் பூசி, அதனையே நொதிக்கும் அறையாக்கிக்கொள்கின்றனர். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி மது ஆக்குவது குற்றம். அந்த வேலை நமக்கு வேண்டாம். ஆனால் அவர்களுடைய பெட்டிக்கும் நம் தயிர்ப் பெட்டிக்கும் வரும் கேடு ஒன்றே. இரண்டிலும் புளிப்புள்ள திரவம் சிந்துகிறது. ஈரம் ஓயாது தங்குகிறது. கதவு அடிக்கடி திறக்கப்படுகிறது. அவர்கள் கண்ட அனுபவம் நமக்கும் உதவும்.

பகைவன் யார்?

கறள் என்பது இரும்பு, நீர், ஒட்சிசன் என்னும் பிராணவாயு ஆகிய மூன்றும் கூடிப் பிறக்கும் பொருள். இம்மூன்றில் ஒன்று விலகினாலும் கறள் பிறவாது. உப்பு இவற்றோடு நான்காவதாகச் சேர்ந்து வேலையை விரைவுபடுத்துகிறது. உப்புக் கலந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதிற் பாயும். கறள் பிடித்தல் ஒரு மின்னிரசாயன நிகழ்ச்சியாதலால், அவ்வோட்டம் எளிதானால் அரிப்பும் எளிதாகும். மேலும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. வெயிலில் உலர்ந்ததுபோலக் காணப்படும் தகடு, உப்புப் படிந்திருந்தால் இரவில் மீண்டும் நனைந்துவிடும்.

இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிக்கும். வர்ணத்தின் அடியில் ஒரு மிளகளவு கறள் எஞ்சியிருந்தால், அது வளர்ந்து மேற்பூச்சைக் கொப்புளம்போல எழுப்பும். கொப்புளம் வெடித்ததும் உள்ளே புதிய ஈரம் புகும். “மச்சான், ரெண்டு கோட் அடிச்சா கறள் தெரியாது” என்று தேநீர்க் கடையில் ஒருவர் அறிவுரை கூறுவார். அவர் சொல்வது உண்மைதான், கறள் தெரியாது. தெரியாத இடத்தில் அது அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும். அடுத்த மாரியில் தெரியவரும்போது தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும்.

பெட்டியில் எந்த இடத்தில் கறள் முதலில் தோன்றுகிறது என்பதும் பாடம் சொல்லும். அடி விளிம்பிலும் கால்களிலும் தோன்றினால், தரை கழுவும் நீரும் மீன் உருகி வடியும் உப்பு நீருமே காரணம். கதவைச் சுற்றியுள்ள விளிம்பில் தோன்றினால், றப்பர்ப் பட்டி தளர்ந்துவிட்டது என்று கொள்க. வெளியிலுள்ள வெப்பமான ஈரக் காற்று அவ்வழியே நுழைந்து குளிர்ந்த தகட்டில் வியர்வையாகப் படிகிறது. ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் பட்டியை மாற்றவேண்டும். பட்டியை மாற்றாமல் வர்ணம் பூசுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும்.

பாலம் புகட்டும் பாடம்

உப்பு நீரின் மேல் இரும்பு நிலைத்து நிற்க முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1924ஆம் ஆண்டில் அமைந்த கல்லடிப் பழைய இரும்புப் பாலம், மனிங் சீமாட்டியின் பெயரால் வழங்கியது, அதே வாவியின் மேல் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. அதன் அருகே புதிய பாலம் 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பாரிஸ் மாநகரில் 1889ஆம் ஆண்டில் எழுந்த ஐபெல் கோபுரத்துக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமார் 60 தொன் வர்ணம் பூசுகின்றனர். இரும்பு தானாக நீடிப்பதில்லை. அதனைப் பேணுவோர் இருக்கும்வரை நீடிக்கிறது.

காப்பு இருவகைப்படும். முதலாவது, வேலியிட்டுக் காத்தல். எனமல், எபொக்சி முதலிய பூச்சுகள் நீரையும் காற்றையும் இரும்பினிடம் அணுகவிடாமல் தடுக்கின்றன. வேலியில் ஓர் இடைவெளி விழுந்தால் அவ்விடத்தில் காப்பு இல்லை. இரண்டாவது, ஒன்று தன்னைத் தேய்த்து மற்றொன்றைக் காத்தல். 1824ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, கப்பல்களின் அடியிலிருந்த செப்புத் தகட்டோடு இரும்பையோ நாகத்தையோ இணைத்தால் கடல் நீர் செம்பை விட்டுவிட்டு அவற்றையே அரிக்கும் என்று காட்டினார். 1837ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான சொரெல் என்பவர், இரும்பை உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் வீட்டுக் கூரைத் தகரமும் கிணற்று வாளியும் அம்முறையின் வழிவந்தவையே. நாகம் மிகுந்த அடிப்பூச்சு இன்று கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தாற்றான் பயன் தரும். கறளின் மேல் பூசினால் பணம் வீண்.

பூசத் தகுந்ததா?

வேலையைத் தொடங்குமுன் பெட்டி அவ்வுழைப்புக்குத் தகுந்ததா என்று நடுநிலையுடன் ஆராய்க. அடித்தகடு கைவிரலால் அழுத்தும்போதே நெளிந்தால், கால் பொருந்துமிடம் உதிர்ந்திருந்தால், சுவருக்குள் அடைத்த நுரை நனைந்து ஊறியிருந்தால் வர்ணம் அதனைக் காப்பாற்றாது. மிகப் பழைய பெட்டிகள் புதியவற்றைக் காட்டிலும் மிகுந்த மின்சாரத்தை உண்பவை. இரவும் பகலும் ஓயாமல் ஓடும் பெட்டிக்கு வர்ணம் பூசி மகிழ்ந்துவிட்டு, மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டைப் பார்த்து வருந்துவதில் இலாபமில்லை. தகடு உறுதியாகவும் இயந்திரம் ஒழுங்காகவும் இருந்து, மேற்பரப்பு மட்டும் கெட்டிருந்தால் தயங்காமல் முயலலாம்.

நான்கு அபாயங்கள்

முதலாவது, மின்சாரம். செருகியை முற்றாகக் கழற்றிவிட்டே கை வைக்கவேண்டும். வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, தேர்ந்த தொழிலாளர் பார்க்காமல் மீண்டும் இணைக்கவே கூடாது.

இரண்டாவது, வாயு. இப்போது வரும் பெட்டிகளிற் பலவற்றில் ஆர்-600ஏ என்னும் வாயு உள்ளது. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் தீப்பற்றக்கூடியது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின்னர் கைவிடப்பட்ட பழைய வாயுக்களோ தீப்பற்றாதவை. ஆனால் ஓசோனுக்குப் பகையானவை. எதுவாயினும் வெளியேற விடலாகாது. பல பெட்டிகளில் வாயுக் குழாய்கள் பக்கத் தகட்டின் உட்புறத்திலும் கதவுச் சட்டத்தைச் சுற்றியும் ஓடுகின்றன. ஓடும்போது பக்கச் சுவர் சுடுவது இதனாலேயே. ஆகவே சுத்தியல், துளைப்பான், கூர்மையான உளி ஆகிய எதனையும் பக்கச் சுவரிற் பிரயோகிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஈயம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் ஒருகாலத்தில் பூசப்பட்ட செந்நிற அடிப்பூச்சு ஈயச் செந்தூரமே. அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விதித்த ஈய எல்லை 2013ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதற்கு முற்பட்ட பூச்சைத் தேய்க்கும்போது உலர நிலையில் தேய்க்காமல் நீர் தொட்டுத் தேய்க்க. முகத்தைத் தகுந்த கவசத்தால் மூடுக. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அவ்விடத்தினின்றும் அகற்றுக. தேய்த்த கழிவைக் கிணற்றடியிலோ கோழி மேயுமிடத்திலோ கொட்டாதீர்கள்.

நான்காவது, எல்லாவற்றினும் கொடியது. முற்றத்தில் நிற்கும் வெறும் பெட்டி குழந்தைகளுக்கு ஒளித்து விளையாடும் இடமாகத் தோன்றும். கொக்கியிட்டுப் பூட்டும் பழைய கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாது. இவ்வாறு சிறுவர்கள் மூச்சடைத்து இறந்தமையாலேயே அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டில், கதவு உள்ளிருந்து திறக்கத்தக்கதாக இருக்கவேண்டும் எனச் சட்டம் செய்தனர். வேலை முடியும்வரை கதவைக் கழற்றிவையுங்கள். கழற்ற முடியாவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டி, கதவுப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள்.

காலமும் காற்றும்

ஐப்பசி தொடங்கித் தை வரை, வடகீழ்ப் பருவ மழை பெய்யும் காலத்தில், இவ்வேலையில் இறங்காதீர்கள். 2011ஆம் ஆண்டு தை மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் மறந்திரார். அத்தகைய ஈரத்தில் வர்ணம் இறுகாது. கோடையே ஏற்றது. எனினும் கச்சான் காற்று வலுத்து வீசும்போது புழுதி எழுந்து ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். பனி உலர்ந்த பின், காலை ஒன்பது மணியளவில் தொடங்கி, காற்று எழுமுன் முடிப்பது நலம். நேர் வெயில் வேண்டாம். சுட்ட தகட்டில் பூச்சு பரவுமுன் உலர்ந்து கோடு கோடாக நிற்கும். மூன்று பக்கமும் திறந்த கொட்டில் மிகவும் பொருத்தமானது. அருகில் அடுப்போ விளக்கோ சுருட்டோ இருத்தல் ஆகாது.

செய்முறை

முதல் நாள் கழுவுதல். இதனைப் பலர் அலட்சியம் செய்வர். அரத்தாளை எடுக்குமுன் சவர்க்கார நீராற் கழுவி, பின்னர் நன்னீரால் இருமுறை துடைத்தெடுக்க வேண்டும். உப்பைக் கழுவாமல் தேய்த்தால் உப்பை இரும்புக்குள் தேய்த்தவராவோம். வீட்டுக் கிணறு உவர்க் கிணறாயின் குடிநீரையே பயன்படுத்துக. சமையலறையில் நின்ற பெட்டியாயின் எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். சவர்க்காரத்துக்கு விடாத பசையை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாற் போக்கி, மறுபடியும் சவர்க்காரம் இட்டுக் கழுவுக. இயந்திரப் பகுதியில் நீர் படாதிருக்கட்டும்.

இரண்டாம் நாள் தேய்த்தல். கறள் உள்ள இடத்தில் 80ஆம் இலக்க அரத்தாளால் ஒளிரும் இரும்பு தெரியும்வரை தேய்க்க. பின் 120, அதன்பின் 240 என்று மெல்லியதாக்குக. பழைய வர்ணம் உறுதியாக ஒட்டியுள்ள இடத்தை முற்றாக நீக்கவேண்டியதில்லை. அதன் பளபளப்பு மாறி மங்கும்வரை தேய்த்தாற் போதும். புதிய பூச்சுக்குப் பிடி கிடைக்கும். பழைய வர்ணமும் வெறும் இரும்பும் கூடும் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படலாகாது. மூலைகளில் அரத்தாள் எட்டாத கறளுக்குப் பொசுபோரிக்கமிலம் அல்லது தனின் கலந்த கறள் மாற்றித் திரவம் பூசலாம். தனின் கறளோடு கூடிக் கருநீல நிறம் அடையும். தளர்ந்த பொருள் உறுதியான படலமாகும். ஆனால் இது மூலைகளுக்கான மருந்தேயன்றித் தேய்ப்பதற்கு மாற்று அன்று. பித்தளை துலக்கும் புளியும் எலுமிச்சஞ்சாறும் மெல்லிய கறளை இளக்குமெனினும், கழுவி உடனே உலர்த்தாவிடில் அவையே புதிய கறளுக்கு வித்தாகும்.

தேய்த்து வெளிப்பட்ட இரும்பை இரவு முழுவதும் திறந்து வைக்காதீர்கள். வாவிக் காற்றில் ஓரிரவிலேயே செம்மை படரும். அன்றே தூசி துடைத்து, றப்பர்ப் பட்டிக்கும் கைப்பிடிக்கும் காற்றுத் துவாரங்களுக்கும் விபரச் சீட்டுக்கும் ஒட்டுநாடா ஒட்டி, அடிப்பூச்சு இட்டுவிடுங்கள். பின்புறத்துக் கம்பி வலைக்கு வர்ணம் பூசவேண்டாம். வெப்பத்தை வெளியேற்றுவது அதன் தொழில். அதற்குத் தூசி தட்டினாற் போதும்.

எவ்வளவு வர்ணம் வேண்டும்? ஒன்றரை மீற்றர் உயரமும் அறுபது சென்ரிமீற்றர் அகலமும் அதே ஆழமும் கொண்ட பெட்டியில் இரு பக்கங்கள், முன்புறம், மேற்புறம் ஆகியவற்றின் பரப்பு ஏறக்குறைய மூன்று சதுர மீற்றர். ஒரு லீற்றர் எனமல் ஒரு பூச்சாகப் பத்துச் சதுர மீற்றர் அளவுக்குப் பரவும். இரு மேற்பூச்சுக்கு ஆறு சதுர மீற்றர்; அரை லீற்றருக்குச் சற்று மேல். ஒரு லீற்றர் தகரம் வாங்கினால் மிஞ்சும். மிஞ்சியதை இறுக மூடி வையுங்கள். பின்னர் கீறல்களுக்கு உதவும்.

தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் சிறந்தவை. தடித்தது மேலே தோல்கட்டி உள்ளே இளகி நிற்கும், வழிந்தும் போகும். சிறிய உருளை கொண்டு பூசினால் தூரிகைக் கோடு விழாது. பூச்சுகளுக்கிடையே தகரத்தில் அச்சிட்ட நேரத்தை விடுக. எனமலுக்குப் பெரும்பாலும் ஒரு முழுநாள். எனமல் இறுகுவது காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொண்டு என்பது மாணவர்கள் அறியத்தக்கது. இரும்பைத் தின்னும் அதே வாயுவே இரும்பைக் காக்கும் பூச்சை இறுகச் செய்கிறது. ஆதலாற்றான் காற்றோட்டமில்லாத அறையில் அது நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

இன்னும் உறுதி வேண்டுவோர் இரு தகரங்களில் வரும் எபொக்சியை நாடலாம். இரண்டும் கலந்தவுடன் இறுகத் தொடங்குமாதலின் வேண்டிய அளவு மட்டும், குறித்த விகிதப்படி, கலக்கவேண்டும். நீரையும் புளிப்பையும் அது நன்கு தாங்கும். ஆனால் நாள்தோறும் வெயில் பட்டால் வெளிறிப் பொடியாகும். விறாந்தையில் நிற்கும் பெட்டிக்கு அதன்மேல் வேறு பூச்சு வேண்டும். இருதகர பொலியூரித்தேன் வர்ணத்தை வீட்டில் விசிற முற்படாதீர்கள். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. மோட்டார் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கும், தகுந்த கவச வசதியுள்ள பட்டறையில் ஒப்படைப்பதே அறிவுடைமை. தொழிற்சாலையில் தூளைப் பூசி ஏறத்தாழ 180 பாகை செல்சியசுக்கு மேற் சுட்டெடுக்கும் பூச்சை வீட்டில் நாம் பெற இயலாது. நுரையும் றப்பரும் வாயுவும் அடைத்த பெட்டியைச் சூளையில் இடமுடியாதன்றோ.

உட்புறம்

வெளிப்புறத்துக்குச் சொன்னவை உட்புறத்துக்குப் பொருந்தா. இக்காலப் பெட்டிகளின் உட்சுவர் பிளாஸ்ரிக். தின்னர் பட்டால் அது இளகி வெடிக்கும். உணவு தங்கும் இடத்தில் சாதாரண எனமல் பூசுவதும் தகாது. அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீராற் கழுவி உலர்த்துவதே போதும். பூஞ்சணம் கண்ட இடத்தை நீர் கலந்த வினாகிரியாற் துடைக்கலாம். வெளுப்புத் திரவம் இரும்புத் திருகாணிகளை அரிக்கும், அதனைத் தவிர்க்க. பழைய பெட்டிகளில் இரும்பின் மேல் பீங்கான் பூச்சு இருக்கும். அதில் சில்லு பெயர்ந்திருந்தால், உணவு படுமிடத்துக்கு ஏற்றது என்று தகரத்திற் குறித்த எபொக்சியை மட்டும் சிறிதளவு இடுக. கம்பித் தட்டுகள் கறள் பிடித்திருந்தால் வர்ணம் பூசுவதிலும் மாற்றிவிடுவதே நல்லது. தயிர்ச் சட்டியிலிருந்து ஊறும் மோர்நீரின் புளிப்பு அப்பூச்சை விரைவில் உரித்துவிடும்.

பூசிய பின்

தொட்டால் ஒட்டாத நிலை வேறு, இறுகிய நிலை வேறு. எனமல் முற்றாக இறுக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் செல்லும். அதுவரை காந்த அலங்காரங்கள் ஒட்டாதீர்கள். மேலே பாரம் ஏற்றாதீர்கள். வாசனை போகுமுன் பாலையோ தயிரையோ உள்ளே வையாதீர்கள். பாற்கொழுப்பு அயல் வாசனையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். தயிர்ச் சட்டி முழுவதும் வர்ண வாடை வீசும். இன்சுலின் உள்ள வீட்டார் அந்நாட்களுக்கு அயல்வீட்டுப் பெட்டியில் இடம் கேட்டு வைத்துக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும்.

பின்னர் பெட்டியைத் தரையில் நேராக நிறுத்தாமல் உறுதியான மரப்பலகையின் மேல் சற்று உயர்த்தி வையுங்கள். சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுக. மோட்டார் வாகனத்துக்குப் பூசும் மெழுகை இடைக்கிடை மெல்லியதாகத் தடவினால் ஈரம் நில்லாது வழிந்துவிடும். சித்திரையில் ஒருமுறையும், மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருமுறையும் விளிம்புகளை உற்றுப் பாருங்கள். கீறல் கண்டவுடன் தேய்த்துத் தொட்டுவிட்டால் பத்து நிமிட வேலை. ஓராண்டு விட்டால் மீண்டும் ஒரு வார வேலை.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. நான்கு இரும்பாணிகளை எடுங்கள். முதலாவதை வெறுமையாக விடுங்கள். இரண்டாவதைக் கறள் பிடிக்கவிட்டு அதன்மேல் வர்ணம் பூசுங்கள். மூன்றாவதைக் கழுவித் தேய்த்து வர்ணம் பூசுங்கள். நான்காவதற்கும் அவ்வாறே செய்து, உலர்ந்தபின் ஊசியால் ஒரு கீறல் இடுங்கள். நான்கையும் வாவி நீரில் பாதி அமிழ்த்தி ஒரு மாதம் வைத்திருங்கள். நாள்தோறும் கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள். வேறு நான்கு ஆணிகளுக்கும் இவ்வாறே செய்து கிணற்று நீரில் வைத்தால், உப்பு செய்யும் வேலை தனியே விளங்கும். இரண்டாவது ஆணியையும் மூன்றாவது ஆணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டிலுள்ள பெரியோருக்குக் காட்டுங்கள். முதல் நாளில் இரண்டும் ஒரே நிறம், வேறுபாடு காணமுடியாது. மாத முடிவில் எது எதுவென்று எவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.